பேனர் போர்த்திய உப்பு

எங்கள் வீட்டில் நாலு பேரிடம் சொல்லத் தகுந்த கதை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என்னைப் பற்றியது. சொல்வது என் கணவர். கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் பந்தி முடிந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"ஏம்பா, அந்த பேனர் கதைய சொல்லு."

மரக்காணத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்புப் பாத்திகள் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. அப்போது என் மகள் சின்னப் பெண். என் கணவரின் அண்ணன் மகளுக்கு மறுநாள் காதுகுத்து. ரோட்டோரமாகப் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். காது குத்திக்கொள்ளும் குழந்தை ஒரு மூலையில். மீதி இடமெல்லாம் அவள் அப்பா, கும்பிட்டபடி. கீழே வரிசையாக வீட்டு ஆண்கள். என் கணவர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் யாரும் இல்லை, கவலை வேண்டாம்.

அன்று மத்தியானம் திடீரென்று கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாரிக் குவித்த உப்பு திறந்து கிடந்தது. மூட ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போய் பேனரை அவிழ்த்து உப்புக் குவியல் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன்.

இனி என் கணவர் பாடு.

"நான் வந்து பாக்கறேன், எங்க அண்ணன் உப்பு மேல மல்லாக்க படுத்துகினு வானத்த கும்புடறாரு! மீசை மேல தண்ணி ஓடுது. என் மூஞ்சி மேல இவ்ளோ பெரிய கல்லு!"

நன்றாகத்தான் சொல்வார். எழுந்து நின்று, கைகூப்பி, அண்ணனைப் போலவே பின்னால் சாய்ந்து காட்டுவார். குழந்தைகள் தரையில் உருளும். அண்ணனே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால், "பாரு, இன்னும் கோவம் போவல" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ஊர் நூலகத்தில் ஒரு நாள் எழுத்தைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். கதையைத் தேடி எங்கும் போக வேண்டாம், தினசரி வாழ்க்கையிலேயே இருக்கிறது, உங்கள் வீட்டில் அடிக்கடி சொல்கிற கதையையே எழுதிப் பாருங்கள் என்றார். நமக்கென்ன கதைக்குப் பஞ்சமா என்று நானும் பேனர் கதையை எழுத உட்கார்ந்தேன். என் கணவர் நிறுத்தும் இடத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை.

மூட ஏன் ஒன்றும் இல்லை? தார்ப்பாய் கிழிந்துவிட்டது, புதுசு வாங்கி வாருங்கள் என்று நான்தான் அவரைத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தேன். தார்ப்பாயை மறந்துவிட்டு பேனரோடு வந்து இறங்கினார். இது கதையில் வராது.

மழை விட்டதும் அண்ணனும் தம்பியுமாக வந்தார்கள். அண்ணன் பேனரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். என் கணவர் என்னை அறைந்தார். உப்பு வாரும் பெண்கள் கூடையும் கையுமாக நின்றிருந்தார்கள். கம்மல் கழன்று பாத்தித் தண்ணீரில் விழுந்தது. அவர்கள்தான் இறங்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் காதுகுத்துக்கு ஒரு காதில் கம்மலும் மறு காதில் வேப்பங்குச்சியுமாகப் போனேன். அத்தனை உப்பும் கரையாமல் காப்பாற்றியவள் நான். இதுவும் கதையில் வராது.

போன வருஷம் என் மகளுக்கு வளைகாப்பு. பிரம்மதேசத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர் கதையைச் சொல்லி, கல்லில் முடித்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் சொன்னேன்.

"அதுக்கப்புறம் என்னை அறைஞ்சாரு. எல்லார் எதிர்லயும். கம்மல் பாத்தியில விழுந்துட்டுது."

சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா தன் வளையல்களைத் தள்ளிவிட்டுக்கொண்டார். என் கணவர் எழுந்து போய்ப் பந்தலுக்கு வெளியே போன் பேசினார். எதிர்முனையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மகள் என்னைச் சமையல் கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா, இன்னிக்குப் போயா சொல்லணும்? அவங்க எல்லாம் என்ன நெனைப்பாங்க?"

ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இனி அவர் அந்தக் கதையை எடுக்க மாட்டார், எடுத்தாலும் அந்த இடம் வரும்போது தடுமாறுவார் என்று நினைத்தேன். அது போதும் என்றிருந்தது.

பேரனுக்குப் பெயர் வைக்கும் அன்று மறுபடியும் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். சம்பந்தியே எடுத்துக் கொடுத்தார். இவர் எழுந்து, கைகூப்பி, பின்னால் சாய்ந்து, கல் வரைக்கும் வந்தார். அங்கே நிறுத்தவில்லை.

"வுட்டேன் பாரு ஒண்ணு! கம்மல் தெறிச்சு பாத்தியில போயி வுழுந்துது. இன்னிக்கும் நீங்க சாப்புட்ட சாம்பார் உப்புல தேடிப் பாருங்க, கெடைச்சாலும் கெடைக்கும்!"

அந்தக் கதைக்கு அவ்வளவு சிரிப்பு அதுவரை கிடைத்ததில்லை. சம்பந்திக்குப் புரையேறியது. குழந்தையை மடியில் வைத்திருந்த என் மகள் சிரித்தாள். எத்தனை வருஷப் பழக்கம், நானும் சிரித்துவிட்டேன்.