மூன்றாம் முறை காயும் எண்ணெய்

தம்பிதுரை ஐயாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். கிணத்துக்கடவில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு, நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கும் குணம், அறுபத்திரண்டு வயது வரை யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாத வாய். எனக்கு அந்த வாயைக் கண்டாலே ஆகாது. மூன்று வருடம் அவரோடு வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

சரவணம்பட்டியில் மோகன்குமார் நடத்திய சின்னக் கம்பெனியில் ஈஸ்டிலிருந்து சமையல் எண்ணெய் எடுத்தோம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ரொட்டியை உப்ப வைப்பது மட்டும் ஈஸ்டின் வேலை இல்லை. சில வகை ஈஸ்டுக்கு மரவள்ளி மாவிலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகை ஊட்டி, மற்றச் சத்துகளைக் குறைத்துவிட்டால், அது பெருகுவதை நிறுத்திவிட்டு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்த உடம்பை உடைத்துப் பிரித்தால் எண்ணெய். தொட்டியில் அதை வளர்ப்பது என் வேலை. சூடும் காற்றும் துளி பிசகாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. கொரோனா வந்து போனதில் என் மூக்கு போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். சமையல் எண்ணெய்க்கோ வாசம்தான் எல்லாம். அதற்காகத்தான் மோகன்குமார் தம்பிதுரையைக் கூட்டி வந்தார். பெருந்துறையில் ஓர் எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் மோந்து பார்த்தே சம்பளம் வாங்கியவர். டேங்கர் லாரியின் மூடியைத் திறந்ததுமே எதில் எது கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். மூக்கு நிஜமாகவே அப்படிப்பட்டதுதான். கோளாறெல்லாம் அதற்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

ஒவ்வொரு தடவை எடுக்கும் எண்ணெயையும் அவர் மூன்று முறை காயவைத்து முறுக்குப் பொரிப்பார். மிக்சர் கம்பெனிக்காரர்கள் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காயவைப்பார்கள் என்பதால் மூன்றாம் முறை வரும் வாசம்தான் முக்கியம். மோகன்குமார் முதல் முறை பொரித்ததை எடுத்துக் கடித்துவிட்டு, ஃபோனும் கையுமாக வெளியே போய்விடுவார். மூன்றாம் முறைக்கு, "ஐயா என்னங்க சொல்றாரு?" என்று கேட்பதோடு சரி. ஐயா கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, "அருமையா இருக்குதுங்க அம்மணி" என்பார். மூன்று வருடமும் இதே பாட்டுத்தான். என் சோதனையில் எண்ணெயின் புளிப்பு கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. வாசத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நூறு தடவை அவரைக் கேட்டிருப்பேன். ஒன்றுமில்லை என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

போன தை மாதம் அவர் பேத்தி வர்ஷினிக்குக் காது குத்து. கிணத்துக்கடவுக்குப் போயிருந்தேன். தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த எங்கள் எண்ணெய் கேன் தோப்பு கேட்டின் ஓரமாக இருந்தது. அவர் மனைவி சென்னியம்மாள் அதில் துணியை நனைத்துக் கேட்டின் கீலுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதில் சமைக்கவில்லையா என்று கேட்டேன்.

"மூணாந்தரம் காஞ்சா ஈரச்சாக்கு நாத்தம் அடிக்குமாமுங்க. அடுப்புப் பக்கமே கொண்டு போவாதீன்னு அவரு அன்னைக்கே சொல்லிப்போட்டாருங்க" என்றார் அந்த அம்மாள், கள்ளங்கபடம் இல்லாமல்.

சோதனையில் புளிப்பு ஏன் கூடியது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. வளர்ந்த ஈஸ்டைத் தொட்டியிலிருந்து இறக்கி, நாலு மணி நேரம் சும்மா வைத்திருந்தோம். அந்த நேரத்தில் அது தன் கொழுப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறது. இறக்கிய கையோடு சூடேற்றிக் கொன்றுவிட்டால் தீர்ந்தது. அதற்குக் கூடுதலாக ஒரு பாத்திரமும் இரண்டு மாத அவகாசமும் போதும். ஆனால் எங்களுக்கு ஆறு நாள்தான் இருந்தது. வியாழக்கிழமை பெருந்துறை மிக்சர் கம்பெனி கந்தப்பன் பார்வையிட வருகிறார். அவர் எடுத்துக்கொண்டால் கம்பெனி பிழைக்கும், இல்லையென்றால் மூடுவதுதான். அவர் வருவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், மோகன்குமாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று தம்பிதுரையிடம் கெஞ்சினேன். பக்குவமாகச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். திங்கள் போனது, செவ்வாய் போனது. பக்குவம் வரவில்லை.

புதன்கிழமை நானே மோகன்குமாரிடம் சொன்னேன். நீங்களே ஒரு தடவை மோந்து பாருங்கள் என்றேன். முப்பது வருட மூக்கு இருக்கும்போது தன் மூக்கு எதற்கு என்று சொல்லி, ஐயாவைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டார். தம்பிதுரை அவர் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. நல்லாத்தானுங்க இருக்குது."

வாசமே தெரியாதவள் வாசத்தைப் பற்றிப் புகார் சொல்கிறாள் என்று மோகன்குமார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மூன்றாம் முறை எண்ணெய் காய்ந்ததும் கந்தப்பனோடு வந்த சமையல்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கந்தப்பன் முறுக்கை மென்று, சிரித்த முகத்தோடு, நல்லா இருக்குதுங்க, சொல்லி உடறமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. மோகன்குமார் ஸ்வீட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். ஃபோன் வரவேயில்லை. பங்குனியில் தொட்டியை நிறுத்திக் கழுவி வைத்தேன்.

கடைசி நாள் தம்பிதுரை ஒரு பை நிறையத் தேங்காயோடு வந்து நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தெரிந்தேதானே செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரியுமுங்க அம்மணி. அந்தத் தம்பி அத்தன ஆசையாப் பாத்துட்டு நிக்கறப்ப, மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

அதற்குப் பெயர் நல்ல குணம் இல்லை, கோழைத்தனம் என்றேன். உங்களால் மூன்று வருட உழைப்பு தோப்பு கேட்டின் கீலுக்குப் போனது என்றேன். ஆமாங்க, ஆமாங்க என்று அதற்கும் தலையாட்டினார். திட்டுகிறவளின் மனமும் கோணக்கூடாதாம். இப்படி ஒரு பிறவியை என்ன செய்வது?

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஆனா ஒண்ணுங்க. மொதத் தரம் காயறப்ப ஒரு வாசம் வருமுங்க. முப்பது வருசத்துல அப்படியொண்ண நான் மோந்ததே இல்லீங்க அம்மணி."

மூன்று வருடம் நான் வளர்த்து எடுத்த எண்ணெயின் வாசம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சரியாக அறிந்த மூக்கு உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அந்த முகத்தில், அந்த வாய்க்கு மேலே இருக்கிறது. நிஜமாகவா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தேங்காய்ப் பையை வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.