உப்புப் பூக்காத பனியன்

சவரியப்பன் ஓட ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பேரன் எடுக்கிற வயதில் ஒரு மனுசன் அரைக்கால் சட்டையோடு பெங்களூர் ரோட்டில் மூச்சிரைக்க ஓடினால் ஓசூர் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது. பட்டாளத்தில் அவர் லான்ஸ் நாயக்கோடு நின்றுவிட்டவர். ஊர்தான் கேலிக்கு அவரை அவுல்தார் ஆக்கி வைத்திருந்தது. "அவுல்தாரே, யாரு தொரத்துறாங்க?" என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போவார்.

அவர் பெண்சாதி அருள்மேரி மட்டும் சிரிக்கவில்லை. எதை விட்டு ஓடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். பட்டாளத்திலிருந்து வந்து மத்திகிரி மாட்டுப்பண்ணையில் காவல் வேலைக்குச் சேர்ந்த பிறகு பல வருஷம் குடித்துத் தீர்த்தவர் அவர். நம் பக்கம் மதுவிலக்கு. ஆனால் பெங்களூர் ரோட்டில் கொஞ்சதூரம் போனால் அத்திப்பள்ளி. அங்கே மைசூர் ராஜ்யம், அங்கே சாராயக்கடை. சாயங்காலம் தன் காலால் பஸ் ஏறிப் போகிறவரை ராத்திரி கண்டக்டர் தூக்கி இறக்கிவிடுவான். அந்த வருஷங்களில் அருள்மேரி அழுத அழுகைக்கு அளவில்லை.

பிறகு பழைய பட்டாளத்துச் சினேகிதன் ஒருவன் அவரைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போய், அல்சூரில் ஓட்டக்காரர்கள் நடத்திய கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டான். என்ன மாயமோ, மனுசன் குடியை விட்டார். அதே ரோட்டில், அதே கடைகளைத் தாண்டி, விடிகாலையில் ஓடிப்போய்த் திரும்பிவர ஆரம்பித்தார். அருள்மேரிக்கு ஓட்டப்பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஓடுகிற வரைக்கும் இந்த ஆள் நம் ஆள் என்று மட்டும் தெரியும். கோழிமுட்டையை விற்பதை நிறுத்திவிட்டுத் தினமும் காலையில் அவருக்குப் பாலில் உடைத்து ஊற்றிக் கொடுத்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், அந்த கிளப் ஓசூரிலிருந்து பெங்களூர் வரைக்கும் மாரத்தான் பந்தயம் வைத்தது. இருபத்தாறு மைல். அந்த வயதில் அத்தனை தூரம் ஓடிவிட்டு வந்தால் உடம்பு சும்மா விடுமா? பஸ் படியில் முதுகைக் காட்டித் திரும்பித்தான் இறங்குவார். கால்விரல் நகமெல்லாம் கறுத்திருக்கும். அருள்மேரி அண்டா நிறையச் சுடுதண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, அவர் காலை அதில் இறக்குவாள். நல்லெண்ணெய் தேய்த்து நீவுவாள். ஆட்டுக்கால் சூப்பு வைப்பாள். முதல் வருஷம் ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார். அடுத்த வருஷம் அதைவிடக் கூட நாள் ஆனது. அறுபத்தெட்டாம் வருஷத்துப் பந்தயம் முடிந்து வந்தவர், தவக்காலம் முழுக்க நொண்டினார். ஈஸ்டர் பூசைக்கும் கோவில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பு விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துக் கட்டுப் போடுகிறவரிடம் தனியாகப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள்.

"மழைக்காலம் வரைக்கும் சும்மா இருக்கச் சொன்னாரு. அதுக்கப்புறம் ஓடலாமாம்."

சொன்னபடியே ஐப்பசி பிறந்ததும் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். அருள்மேரிக்கு உயிர் வந்தது.

அந்த உயிர் கார்த்திகை வரைக்கும்கூடத் தங்கவில்லை. ஒருநாள் துவைக்கிற கல்லில் அவர் பனியனைப் போடும்போது கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அந்தப் பனியனைத் துவைத்தவள் அவள். ஓடிவிட்டு வந்து கழற்றிப் போட்டால் காய்ந்ததும் மொடமொடவென்று நிற்கும்; முதுகுப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இது மெத்தென்று இருந்தது. ஈரமாகத்தான் கழற்றிப் போட்டார். ஆனால் காய்ந்ததும் உப்பில்லை. மோந்து பார்த்தாள். ஏரிப்பாசி வாடை அடித்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

ஓடாமல் எங்கே போகிறார்? அந்த ரோட்டில் போவதற்கு வேறு என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் வேறு, "உங்கூட்டுக்காரரு அத்திப்பள்ளிப் பக்கந்தான ஓடுறாரு? பாத்துக்கோ மேரி, ஓடுற கால் எங்கியாச்சும் நின்னுரப் போவுது" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். அவர் அசந்தபோது வாயருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வாடை இல்லை. வெற்றிலை போட்டு மறைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டால் மனசு எதைத்தான் நம்பும்?

ஒரு விடியலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, சாணி பொறுக்கப் போகிறவள் போல அவர் பின்னால் போனாள். தெரு முனைவரை ஓட்டமாகப் போனவர், ஊர் தாண்டியதும் நடந்தார். ஏரிக்கரை முடிகிற இடத்தில், சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற மோரிமேல், புளியமரத்தடியில் உட்கார்ந்தார். அருள்மேரி கற்றாழை வேலிக்குப் பின்னால் நின்றாள். பஸ் வருமென்று பார்த்தாள். ஒரு பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. ஷூவைக் கழற்றிக் குதிநரம்பைப் பிடித்துவிட்டார். மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தார். நாலு எட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, தன் காலைத் தானே முஷ்டியால் குத்தினார். ஒருமுறை இல்லை, பலமுறை. அப்புறம் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் ஏரியில் இறங்கிப் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டார்.

குடி இல்லை என்று கண்டதும் அருள்மேரி மாதாவுக்கு நன்றி சொன்னாள். ஆனால் குடித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன போடுவது? அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து, பாலில் முட்டையை உடைத்து ஊற்றி வைத்தாள். அவர் வந்தார். "இன்னைக்கு நல்லா ஓடினேன்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

சொல்லிவிடலாமா என்று தினமும் நினைப்பாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுசன் தலையைத் தொங்கப்போட்டுவிடுவார். மானம் போன ஆளுக்கு அத்திப்பள்ளி எத்தனை தூரம்? அவராகச் சொல்லட்டும், சொன்னால் மடியில் போட்டுத் தேற்றிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். முட்டை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

தை பிறந்தது. ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்த பொங்கல் அது. கிளப்பிலிருந்து நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் துணி வந்தது. சைக்கிள் கடை கோவிந்தப்பன், வருஷாவருஷம் ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிக்கொண்டு சவரியப்பன் பின்னால் சைக்கிள் மிதிக்கிறவன், வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, இந்த வருசம் நம்ம அண்ணன் முன்னால வருவாரு பாருங்க" என்றான். சவரியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அருள்மேரியால் பார்க்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அவர் கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். சாமியாரிடமாவது சொல்லிவிடுவார், சாமியார் தடுத்துவிடுவார் என்று அவள் நம்பினாள். திரும்பிவந்தவர் முகம் தெளிந்திருந்தது. "பாயாசம் வை மேரி" என்றார். சாமியாரிடம் சொன்னாரா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. வைத்தாள்.

காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரே கூட்டம் கூடியது. சிரித்த வாய்களே இப்போது கைதட்டின. விசில் ஊதியதும் சவரியப்பன் ஓடினார். நொண்டவே இல்லை. முதுகு நிமிர்ந்து, கை வீசி, பழைய ஓட்டம். ஒரு நிமிஷம் அருள்மேரிக்கே ஒன்றும் புரியவில்லை. புளியமரத்தடியில் பார்த்தது பொய்யோ, நம் கண்தான் ஏமாந்ததோ என்று நினைத்தாள். அவர் வளைவில் மறைந்ததும் வீட்டுக்கு வந்து அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

தண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் ஒரு லாரி வாசலில் நின்றது. கோவிந்தப்பனும் டிரைவரும் அவரைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். கோவிந்தப்பன் அழுதுகொண்டிருந்தான். "அத்திப்பள்ளியில கடைப் பக்கம் தலையக்கூடத் திருப்பல அக்கா. பல்லக் கடிச்சிக்கினு போறாரு. சந்தாபுரம் தாண்டினதும் பட்டுனு ஒரு சத்தம், எம்பட சைக்கிள் டயருதான் வெடிச்சிருச்சின்னு நான் இறங்கிப் பாக்கறேன். இவரு ரோட்டுல கிடக்கறாரு. அப்பவும் எழுந்து ஒத்தக் கால்ல குதிச்சிக்கினு போறாரு. 'பேடா ரீ, பேடா', வேணாங்க வேணாம்னு அந்த ஊர்க்காரங்க கையப் பிடிச்சி நிறுத்தினாங்க."

குதிகாலுக்கு மேலே, நரம்பு இருந்த இடத்தில் விரல் வைத்தால் பள்ளமாக இருந்தது. காலைப் பிடித்துத் தூக்கினால் பாதம் துவண்டு தொங்கியது. இனி ஓடுவதில்லை என்று சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை.

அவர்கள் போனதும் அவள் அவர் பனியனைக் கழற்றினாள். வியர்வை காய்ந்து துணி விறைத்திருந்தது. முதுகெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"பாரு மேரி" என்றார் சவரியப்பன். "இன்னைக்கு உப்பு இருக்குது."

பனியனோடு அவள் திரும்பினாள். "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்குப் புளியமரத்தாண்ட நீ வேலிக்கு அந்தால நின்னுட்டுத் திரும்பிப் போனதப் பாத்தேன். வீட்டுக்கு வந்தா என்னைய வெளுத்து வாங்குவ, ஷூவப் புடுங்கி எரவாணத்துல சொருவிருவன்னு நெனச்சிக்கினு வந்தேன். நீ முட்டைய உடைச்சி ஊத்தி வெச்சிருந்த. தெரிஞ்சும் குடுக்கிறாளே, நான் ஓடணும்னுதான நெனைக்கிறாள்னு இருந்துட்டேன். நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு தினமும் பாத்தேன் மேரி. நேத்துகூடப் பாத்தேன்."

நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் நானும் தினமும் பார்த்தேன் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே அத்திப்பள்ளி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது போன திசையை இனி ஒவ்வொரு சாயங்காலமும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று அவளுக்குப் பகீரென்றது.

பனியனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். உப்புக் கரைய நேரமே ஆகவில்லை.