கப்பலில் மூன்று சாப்பாட்டு இடங்களும் கடலை ஆகாத ஒரு பிள்ளையும்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், திரும்ப சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்குப் போன மே மாத விடுமுறையில் போய்வந்தோம். நான், என் கணவர் அருள், பன்னிரண்டு வயது மகள் ஜெனிட்டா, சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் என் தம்பி சவரி என்று நான்கு பேர். கப்பலின் நீச்சல் குளம், சறுக்கு விளையாட்டு, பாட்டுக் கச்சேரி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சாப்பாட்டையும் அதைப் பரிமாறியவர்களையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காரணம், ஜெனிட்டாவுக்கு நிலக்கடலை ஆகாது. நாலு வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் சாப்பிட்டு, முகம் வீங்கி மூச்சு இழுத்து, மடியில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றிலிருந்து எட்டு வருஷமாக அவள் வெளியில் எங்கேயும் சாப்பிட்டதில்லை. கடலை விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இது லேசான காரியமில்லை. அருளின் அண்ணன் ஆலங்குடிப் பக்கம் கடலைதான் போடுகிறார். இங்கே சட்னியில் கடலை, தாளிப்பில் கடலை எண்ணெய். கல்யாணத்துக்குப் போனால் அவளுக்கு மட்டும் எவர்சில்வர் டப்பாவில் வீட்டுச் சாப்பாடு. பந்தி நடக்கும்போது ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருவாள். யாராவது கூப்பிட்டால், “பசிக்கலை அத்தை” என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தாள்.

அதனால் சவரி கப்பல் டிக்கெட் போடுகிறேன் என்று கேட்ட இரண்டு முறையும் முடியாது என்றேன். நடுக்கடலில் ஏதாவது ஆனால் எங்கே ஓடுவது? மூன்றாம் முறை அவன் என்னிடம் கேட்கவில்லை. போனில் நேராக ஜெனிட்டாவிடம் கேட்டுவிட்டான். அவள் தன் ஸ்வெட்டரை எடுத்து மடித்து வைத்த பிறகு நான் என்ன சொல்ல முடியும்.

என் ஏற்பாடு இதுதான்: ஒரு சின்ன மின்சார ரைஸ் குக்கர், மூன்று கிலோ அரிசி, பருப்புப் பொடி, நல்லெண்ணெய். அறையிலேயே பொங்கிக் கொடுத்துவிடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர ஊசியும் கடிதமும் கைப்பையில். அலர்ஜி இருப்பவர்கள் முன்கூட்டியே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கப்பல் கம்பெனி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. குக்கர் இருக்கிற தைரியத்தில் நான் அதை நிரப்பவில்லை. இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். திருச்சி விமான நிலையம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டாக்சி ஆயிரத்து எண்ணூறு ரூபாய். டிரைவர் எங்கள் தெருக்காரர். பெட்டிகளைத் தூக்கி வைக்கும்போது குக்கர் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“ஏங்க டீச்சர், கப்பல்ல போயி சோறு பொங்கப் போறீங்களா?”

“பாப்பாவுக்குங்க.”

“அங்கிட்டு விடுவாய்ங்களா?” என்று கேட்டார். நான் குக்கர் பெட்டியை டிக்கிக்குள் இன்னும் தள்ளி வைத்தேன்.

திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம். போக வர ஒருவருக்கு இருபத்தோராயிரம் ஆனது. அன்று இரவு சிங்கப்பூரில் நம்மவர்கள் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு லாட்ஜில் தங்கி, குக்கரில் சோறு வைத்து ஜெனிட்டாவுக்குக் கொடுத்தேன். அது நன்றாகவே வேலை செய்தது.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத் துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதித்தபோது டிரைவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. சூடாகும் மின்சாதனம் எதுவும் கப்பலில் கூடாதாம். சமைக்காத அரிசியும் கூடாதாம். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவதாக ஒரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

“திரும்பிப் போயிரலாங்க,” என்றேன் அருளிடம்.

“இவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு பிள்ளைக்குச் சோறு இல்லாமயா போயிரும்? வா, பாத்துக்கலாம்,” என்றார். அவர் குரலிலும் தெம்பு இல்லை. ஆனால் ஜெனிட்டா ஏற்கெனவே மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

முதல் சாப்பாடு பன்னிரண்டாம் தளத்து பஃபே. கட்டணத்திலேயே அடக்கம். காலை ஆறரை முதல் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே கடல், உள்ளே ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம். நாங்கள் போன ஒன்றரை மணிக்கு உட்கார இடம் பிடிக்கவே பதினைந்து நிமிஷம் ஆனது. இந்தியச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு கவுண்டர். சோறு, சாம்பார், பொரியல், சட்னி, பூரி எல்லாம் இருந்தது. சாம்பார் வாசனை வந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. கவுண்டருக்குப் பின்னால் நின்ற சமையல்காரர் நாகர்கோவில்காரர்.

“எந்த ஊருக்கா?” என்று கேட்டார். சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“உள்ளதச் சொல்லிடுதேன் அக்கா. பாப்பாவுக்கு இங்க எதுவும் எடுக்காதீங்க. சட்னியில கடலை இருக்கு. சாம்பார்ல இல்ல. ஆனா சட்னிக் கரண்டியத் தூக்கி சாம்பார்ல போடுதவங்கள நான் நாள் பூரா பாக்கேன். ஆறாவது தளத்துல டைனிங் ஹால் இருக்கு. அங்க சூப்பர்வைசர்ட்ட சொல்லுங்க.”

நம் ஊர்ச் சாப்பாடு இருக்கும் இடம்தான் எங்களுக்குச் சரிப்பட்டு வரும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் கூடாது என்று நம் ஆளே சொல்கிறார். அன்று மதியம் ஜெனிட்டா இரண்டு வாழைப்பழமும் பிரிக்காத பாக்கெட் பிஸ்கட்டும் சாப்பிட்டாள். “பரவால்லம்மா, எனக்குப் பசிக்கலை,” என்றாள். அத்தைகளிடம் சொல்லும் அதே சிரிப்பு. நான் என் தட்டை எடுத்துப்போய் வைத்துவிட்டேன்.

டைனிங் ஹாலைப் பற்றி எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. வெள்ளை விரிப்பு, தட்டைச் சுற்றி ஆறு கத்தியும் முள்கரண்டியும், புரியாத பெயர்கள் போட்ட மெனு அட்டை. மாலை ஐந்தே முக்காலுக்கு உள்ளே போனோம். வாசலில் நின்ற சூப்பர்வைசர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். பெயர் மாரிட்டெஸ், நாற்பது வயதிருக்கும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் ஆரம்பித்ததும் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் மேஜைக்கு வந்து, ஜெனிட்டாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கேள்வியை அவளிடம்தான் கேட்டார்.

“நிலக்கடலை மட்டுமா, முந்திரி, பாதாமும் ஆகாதா?”

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாரிட்டெஸ், “நீயே சொல்லலாம்,” என்றார்.

“கடலை மட்டும்தான். எண்ணெயும் கூடாது.”

“பட்டால் ஆகாதா, தின்றால்தானா?”

“தின்னாத்தான்.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம், படிவம் முன்பே வந்திருந்தால் எதை வேண்டுமானாலும் செய்து தந்திருப்போம், இன்றைக்கு மூன்று பதார்த்தங்களுக்கு மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடியும் என்றார். எல்லாம் முடியும் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மூன்றுதான் என்றதும் நம்பிக்கை வந்தது.

இருபது நிமிஷம் கழித்து மூடி போட்ட தட்டு வந்தது. மூடியில் ஜெனிட்டாவின் பெயரும் மேஜை எண்ணும் எழுதி ஒட்டியிருந்தது. வெள்ளைச் சோறு, சுட்ட மீன், வேகவைத்த பீன்ஸ். தனிச் சட்டியில் செய்தோம் என்று சொல்ல சமையல்காரரே தொப்பியோடு வெளியே வந்தார். நான் முதலில் ஒரு வாய் தின்று பார்த்தேன். எனக்குத்தான் கடலை ஒத்துக்கொள்ளுமே, நான் தின்று என்ன தெரியப் போகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. சவரி சிரித்துவிட்டான்.

ஜெனிட்டா சாப்பிட்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று அருள் கைக்கடிகாரத்தையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் போனதும் அருள் முதல்முறையாக மெனு அட்டையைக் கையில் எடுத்தார். வரிசையாக மூன்று சூப் சொன்னார். மூன்றையும் குடித்தார். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடலாமா என்று தயங்கியவருக்கு, பரிமாறியவர் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது மாரிட்டெஸ் மறுநாள் மெனுவை ஜெனிட்டா கையில் கொடுத்து, வேண்டியதில் டிக் போட்டுத் தரச் சொன்னார். அறைக்குப் போய் ஒரு மணி நேரம் பரீட்சைத் தாள் மாதிரி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து நசுக்கிவிட்டாள்.

இரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் பினாங்கு. இறங்கி நாலு மணி நேரம் சுற்றினோம். அங்கே தெருவெல்லாம் குச்சியில் கோத்துச் சுட்டு, கடலைக் குழம்பு தொட்டுத் தின்னும் கறிதான். அதனால் பார்த்ததோடு சரி, கப்பலுக்கு வந்துதான் சாப்பிட்டோம். அங்கே டாக்சி ஓட்டிய தமிழர், பூர்வீகம் பொன்னமராவதிப் பக்கம் என்று சொன்னார், ஆனால் அந்த ஊரை அவர் பார்த்ததில்லையாம். ஊரில் இப்போது மழை உண்டா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் முழுக்கக் கடல். சவரி எங்களை அசத்த நினைத்து, பதினைந்தாம் தளத்தில் தனிக் கட்டணம் வாங்கும் உணவகத்தில் மதியத்துக்கு முன்பதிவு செய்திருந்தான். ஒருவருக்கு முப்பத்தைந்து சிங்கப்பூர் வெள்ளி. மூன்றில் இதுதான் அழகான இடம். நாற்காலியை இழுத்துவிட்டார்கள், மடியில் துணி விரித்தார்கள், தண்ணீர் பாதி குறைந்ததும் ஊற்றினார்கள். கறி, வாயில் வைத்தால் கரைந்தது. பரிமாறிய இளைஞரிடம் அலர்ஜி பற்றிச் சொன்னேன். நான் முடிப்பதற்கு முன்பே “நோ ப்ராப்ளம் மேடம்” என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி நோ ப்ராப்ளம். கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

கடைசியில் எல்லோருக்கும் சாக்லேட் கேக் வந்தது. மேலே பழுப்பாக ஏதோ தூவியிருந்தது. நான் அந்த நேரம் ஜன்னல் வழியாக எதிரே போன கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனிட்டாவின் குரல் கேட்டுத்தான் திரும்பினேன். கரண்டியைத் தொடாமல், வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கியிருந்தாள்.

“எக்ஸ்கியூஸ் மீ. இதுக்கு மேல இருக்கிறது எதுல செஞ்சது?”

அந்த இளைஞர் சிரித்தபடி, அது வெறும் அலங்காரம் என்றார்.

“எதுல செஞ்சதுன்னு உள்ள கேட்டுச் சொல்றீங்களா?”

போய்விட்டு வந்தார். வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. பொடித்த நிலக்கடலை. பின்னாலேயே மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார், பில் வேண்டாம் என்றார். அருள் எழுந்து நின்றுவிட்டார். நான் ஊசி இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சவரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான்தான் இங்கிட்டுக் கூட்டியாந்தேன்,” என்றான்.

“நான் திங்கலையே மாமா. கேட்டுட்டேன்ல,” என்றாள் ஜெனிட்டா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பயம் இல்லை. எட்டு வருஷமாக அவளுக்காக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று மாலை டைனிங் ஹாலில் நடந்ததைச் சொன்னபோது மாரிட்டெஸ் எத்தனை மணிக்கு, யார் பரிமாறியது என்று கேட்டார். மேலே சொல்லி எழுதி வைக்கிறேன் என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு ஜெனிட்டா பக்கம் திரும்பினார். அவள் முதுகை நேராக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்: தக்காளி சூப், எலுமிச்சை பிழிந்த கோழி, பட்டாணிச் சோறு, மாம்பழ புட்டிங். எல்லாம் பெயர் ஒட்டிய மூடியோடு வந்தது. புட்டிங் கிண்ணத்தை வழித்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

“அம்மா, இன்னொண்ணு கேக்கலாமா?”

“ஒனக்கு வேணும்னா நீதான் கேக்கணும்.”

கேட்டாள். வந்தது. அதற்கு மேலும் ஒன்று வந்தது. அருள் அன்றைக்கு நான்காவது சூப்புக்குப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: பஃபேயில் ருசியும் சுதந்திரமும் உண்டு, கவனிப்பு கிடையாது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். டைனிங் ஹாலில் ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அளவு குறைவு, ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. முதல் நாளே ஒரே மேஜையைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அப்போதுதான் அதே ஆட்கள் வருவார்கள். கட்டண உணவகம் கல்யாண நாள் கொண்டாடுபவர்களுக்குச் சரி. பரிமாறுபவர் எழுதிக்கொள்ளாவிட்டால் அலர்ஜி உள்ளவர்கள் எழுந்துவிடலாம். சேவைக் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை தினமும் கணக்கில் ஏறும், டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பினாங்கு மலேசியா என்பதால் சிங்கப்பூருக்குள் திரும்ப நுழைய விசா இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி மருந்தும் டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம். படிவத்தை நிரப்புங்கள். குக்கர் வேண்டாம்.

ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் பொன்னமராவதியில் ஒரு நிச்சயதார்த்தம். நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் ஜெனிட்டா சமையல் கொட்டகைக்குள் போயிருந்தாள். “அண்ணே, எதுலெல்லாம் கடலை போட்டிருக்கீங்க, என்ன எண்ணெய்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமைச் சமையல்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு, விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சோறு, தாளிக்காத மோர், பாயசம், வாழைப்பழம் ஆகும் என்று முடிவாயிற்று. பரிமாற வேறு கரண்டி எடுத்துத் தந்தார். அவள் பந்தியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, என் சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.