சிலந்திக்காக விரித்த போர்வை

போன மழைக்காலம் ஓய்ந்த சமயம். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக்குக் கவாத்து வெட்டும் வேலை முடிந்துவிட்டதால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. நகரத்தில் கரமனைப் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். மதியத்துக்குள் போய் நிற்க வேண்டும். கீழே தார்ச்சாலையில் காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் வந்தது காட்டுக் குறுக்குவழி. அங்கே காலையில் முதல் ஆளாக நடப்பவர் ஒரு கம்பை முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் வீசிக்கொண்டே போவார். இல்லாவிட்டால் இரவில் சிலந்திகள் கட்டிய வலையெல்லாம் முகத்தில் ஒட்டும். நானும் அப்படித்தான் வீசிக்கொண்டு வந்தேன்.

“அய்யோ, நில்லுங்கோ! கம்பைக் கீழே போடுங்கோ!”

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பாதையோரம் மண்டியிட்டிருந்தார். கையில் கேமரா. அதன் ஃபிளாஷுக்கு முன்னால், வெளிச்சத்தை மட்டுப்படுத்த, பால் கேனிலிருந்து வெட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கட்டியிருந்தது.

“பாம்பாம்மா?”

“எட்டுக்காலி. சட்டை உரிச்சிண்டிருக்கு. நீங்க பாதி வலையை அறுத்தாச்சு.”

உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கால்சட்டையைக் கழற்றுவதுபோல், பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருந்தது. புதுத் தோல் இறுகுமுன் கீழே விழுந்தால் பிழைக்காதாம். வலை தளர்ந்திருந்ததால் பள்ளத்துக் காற்றில் அது ஊசலாடியது.

“பையிலே போர்வை உண்டோ? காத்தை மறைச்சுப் பிடிங்கோ, ஒரு உபகாரமா.”

விரித்துப் பிடித்தேன். “பஸ் போயிரும்மா” என்றேன்.

“எனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல லீவே சாங்ஷன் ஆகலை, கேட்டேளா!”

சிரித்தால் போர்வை ஆடும் என்று அடக்கிக்கொண்டேன். கடைசிக் கால் பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் படம் எடுப்பதையே நிறுத்திவிட்டார். கீழே பஸ் ஹாரன் கேட்டது. தோள் கடுத்தது. எனக்கு அந்தக் காலைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை. மெல்ல, மெல்ல, அது வெளியே வந்தது.

பிறகு கேமராவில் காட்டினார். இறுகாத கால்களுக்குள் வெளிச்சம் ஊடுருவியிருந்தது. தலையில் எட்டுக் கண்கள், எட்டு நீர்த்துளிகள்போல. இத்தனை வருஷமாக நான் கம்பால் அடித்துத் தள்ளியது இதைத்தான்.

இருவரும் மலையிறங்கியதும், அடிவாரத்து வித்துராவில் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து ஓட்டலுக்குப் போன் செய்தேன். வேறு ஆள் சேர்ந்தாயிற்று. எனக்கு இது புதிதில்லை. அம்மாள்தான் டீயைக் குடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

“படம் எடுக்க நாளைக்கு எங்க கூட்டம் வர்றா. கண்ணு முழுக்க கேமராலயே இருக்கும். வலைக்குள்ளே போய் முட்டிண்டு நிப்பா. முன்னால நடக்க ஒரு ஆள் வேணும். எந்த உயரத்துல வலை இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமே.”

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். கம்பில்லாத கைக்கு முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வலை ஒன்று கண்ணில் பட்டதும் கையை உயர்த்தினேன். பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். இப்போது எந்தப் பாதையில் முதல் ஆளாகக் கால் வைத்தாலும், எனக்கு முன்பே யாரோ அங்கே இரவெல்லாம் வேலை பார்த்திருக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் நடக்கிறேன்.