நோம்பியன்று பிரித்துப்போட்ட வண்டி

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சோறு தின்று வளர்ந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை, பேத்தி கொடுத்த நோட்டில் எழுத்து கோணலாகத்தான் வரும். வந்தால் வரட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தார். எங்கள் வளவு வீடுகளில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். பழைய வண்டி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கார் வாங்கியதும் தான் ஓட்டின வண்டியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டறையில் விடவே மாட்டார். அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு முன்னாலேயே திருப்புளியை நீட்டுவாள். கார்பரேட்டர் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதுகிறது அம்மாதான். பெட்ரோலைத் துப்பிக்கொண்டே சிரிப்பாள்.

"மில்லுல உனக்கொரு வேலை கேக்கட்டுமா புள்ள?" என்பார் அப்பா.

"உங்களைவிடச் சம்பளம் சாஸ்தி கேப்பனுங்க."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசி நான் பார்த்தது அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான்.

ஆனால் மாமா ஊரில் மாரியம்மன் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தால் வண்டிக்கு நோவு வந்துவிடும். பிறந்த வீட்டு நோம்பிக்குப் பெண் புருசனோடு போக வேண்டும். தனியாகப் பஸ் ஏறிப் போனால் ஊர் நாலு விதமாகப் பேசும். வண்டி வந்த வருசம் போய்வந்ததோடு சரி; அடுத்த இரண்டு வருசமும் அப்பா "இதோ ஆயிரும்" என்றே பொழுதைப் போக்க, அம்மா காலையில் புதுச் சேலை கட்டினாள், சாயங்காலம் அவிழ்த்து மடித்து வைத்தாள்.

மூன்றாம் வருசமும் அதே கதை. முந்தின நாள் மில்லிலிருந்து ஜம்மென்று ஓடி வந்த வண்டி, நோம்பி காலையில் கார்பரேட்டர் வேறு குழாய் வேறாக வட்டலில் கிடந்தது.

"வாசர் போயிருச்சு. கடையில பாத்துட்டு வாரேன்" என்றார் அப்பா.

"விடிஞ்சும் விடியாம எந்தக் கடைங்க தொறந்திருக்கும்?"

அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் வட்டலையே பார்த்தாள். வாசர் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மிதவையைப் போட்டு, மூடியைப் பூட்டி, குழாயைச் செருகி, நட்டுகளை முறுக்கினாள். கிக்கரை மிதித்தாள். முதல் மிதிக்குப் பிடிக்கவில்லை. அடுத்ததற்கு வளவே அதிரப் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து அப்பா வெறுங்கையோடு வந்தார். நான் கைதட்டிக் குதித்தேன். "அப்பா, அம்மாவே பூட்டிப்போட்டாங்க!"

அம்மா பழந்துணியில் கையைத் துடைத்தபடி கேட்டாள்: "போலாமுங்களா?"

அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். என்னைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்தார். பொள்ளாச்சி வரைக்கும் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

தோப்பு வீட்டில் பந்தி நிறைந்திருந்தது. மாமா உரக்கக் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, நாங் குடுத்த என்ற வண்டி எப்படி ஓடுதுங்க?"

பந்தியே சிரித்தது. மாமாவுக்கு வண்டி மேல் அவ்வளவு பிரியம் என்று நானும் சிரித்தேன். வண்டி வந்த வருசமும் அவர் இதையேதான் கேட்டார், அன்றைக்கு அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பரிமாறின கரண்டியோடு நின்றாள்.

"அது அவிய வண்டிங்ணா. அவிய கையாலதான் ஓடுது. உங்ககிட்ட இருந்திருந்தா இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும்."

மாமா முகம் கறுத்துப்போனது. அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அம்மா வண்டிச் சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை வாசலில் எடுத்து வைத்துக் காத்திருந்து பார்த்தாள். ஒரு நாள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நோம்பிக்கு மட்டும் வருசம் தவறாமல் போனோம். வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை.

அம்மா ஏன் பொய் சொன்னாள் என்றுதான் அன்றைக்கு எனக்குக் குழப்பம். பூட்டினது அவள் கை அல்லவா? முதல் வருசம் அண்ணன் பெருமையில் அவள் சிரித்த சிரிப்பு அப்பாவுக்கு எங்கே போய்த் தைத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நோம்பிக்கு நோம்பி அவர் வண்டியைப் பிரித்ததெல்லாம் அதற்காகத்தான். 'அது அவிய வண்டி' என்கிற அந்த ஒரு வார்த்தையை அம்மா அந்த முதல் வருசமே சொல்லியிருக்கலாம். சொன்னபோது நேரம் கடந்துவிட்டது; வாசர் போனதாகச் சொன்ன தன் பொய் அவளுக்குத் தெரிந்துபோனது என்று அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவளிடம் திருப்புளி கேட்பார்? இது எனக்கு விளங்குவதற்குள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அம்மணி, இந்தப் பாட்டி பக்கத்தில் வா. எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. நான் கைதட்டுகிற இடம் வந்தால் சிரித்துப்போடாதே கண்ணு. அங்கே எங்கள் அப்பா வெறுங்கையோடு நிற்கிறார்.