அமெரிக்காவில் என் கால்

என் புகுந்த வீட்டில் யானைக் கட்சி. பிறந்த வீட்டில் கழுதைக் கட்சி. நம் ஊர்ச் சின்னங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளின் சின்னங்கள் அவை. நான் வாழ்க்கைப்பட்டிருப்பது காரைக்கால் தலத்தெருவில். பிறந்தது வரிச்சிக்குடியில். பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையைக் கண்டக்டரிடம் கேட்டுப் பெறுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் ஒரு மகாசமுத்திரம் வந்து புகுந்துகொண்டது.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன், சாப்பிடுவது மட்டும் சங்கராமீன் குழம்பு. வெள்ளைக்காரர்களோடு பழகியவர் என்பதால் அமெரிக்கா தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. பிரான்ஸ் வேறு நாடு, அமெரிக்கா வேறு நாடு என்று நான் ஒருமுறை நினைவுபடுத்தியபோது, "ஒனக்கு அரசியல் புரியாது" என்றார். பூகோளம் எப்போது அரசியல் ஆனது என்று நான் கேட்கவில்லை.

என் தம்பி வரிச்சிக்குடியில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். அவனுடைய மகன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஆகவே தம்பிக்கும் அமெரிக்கா அத்துப்படி. அந்த மகனுக்கு அங்கே ஓட்டு கிடையாது, விசாவில் இருக்கிறான். தேர்தல் பரபரப்பு முழுவதிலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் எழுதியது ஒரே ஒரு வரி. "இங்க செம குளிரு." அதையும் தன் கட்சிக்குச் சாதகமான தகவலாகத்தான் தம்பி எடுத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் யூடியூப்பில் தமிழில்தான் அமெரிக்காவைப் படித்தார்கள். ஆளுக்கொரு சேனல். இவருடைய சேனலில் கழுதைக் கட்சி முடிந்தது, அவனுடைய சேனலில் யானைக் கட்சி முடிந்தது. தினமும் முடிந்தன. யானைக் கட்சிக் கூட்டத்தின் படம் ஒன்றை இவர் குரூப்பில் போட, அது கம்ப்யூட்டரில் செய்த படம் என்றான் தம்பி. சாட்சி, முன்வரிசையில் நிற்பவனுக்கு ஆறு விரல். "வரிச்சிக்குடி உரக்கடைக்காரருக்குக்கூடத்தான் ஆறு விரலு. அவரும் கம்ப்யூட்டருல செஞ்சதா?" என்று இவர் பதில் போட்டார். உரக்கடைக்காரரும் எங்களுக்குச் சொந்தம், அந்தக் குரூப்பில் இருந்தார், பாவம். அன்றோடு விலகிவிட்டார்.

தலத்தெருவில் தெருக்குழாய் காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் எந்தக் கருத்தும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதையாகத்தான் இருந்தது, என் மகளின் நிச்சயதார்த்தம் வரைக்கும். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் இவர் குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தார். அமெரிக்காவில் ஓட்டுச்சீட்டுகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள், உலகத்துக்கே பகிருங்கள் என்று தலைப்பு. தம்பி இலையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தான்.

"அத்தான், நீங்க போட்டிருக்கற படம் பச்சப் பொய்ங்க."

"கண்ணு இருந்தா பாரு மச்சான். தொட்டி ரொம்பி வழியுது."

"எவன் எடுத்தான், எங்க எடுத்தான்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"அப்ப நான் பொய்யன்? என் வீட்டுல ஒக்காந்து, என் சோத்தத் தின்னுகிட்டே?"

அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிய விவாதத்தில் சோறு என்ற சொல் வந்துவிட்டால் அதற்குப் பிறகு பேச ஒன்றும் கிடையாது. தம்பி இலையை மூடாமலே எழுந்தான். "அந்தப் படம் பொய்னு அத்தான் குரூப்புல ஒத்துக்கட்டும். அன்னைக்கித்தான் கல்யாணத்துக்கு மாலையோட வருவேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். "நெசத்த எவனுக்காகவும் மாத்த முடியாது" என்று இவர் வாசல்வரை போய்ச் சொன்னார். சம்பந்தி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "அமெரிக்காவுல ஒங்களுக்கு எதுவும் சொத்து இருக்குங்களா?"

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மணப்பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. என் மகள் நடை பழகியது அவன் விரலைப் பிடித்து. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. "மாமா வருவாங்கல்லம்மா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

குரூப்பை நான் மாதக்கணக்காகத் திறந்ததில்லை, இவர் சத்தமாகப் படித்துக் காட்டுவதைக் கேட்பதோடு சரி. என் மகளின் கல்யாணத்தைக் கெடுக்க வந்த அந்தப் படம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாமே என ஒருநாள் மத்தியானம் திறந்தேன். பச்சை பிளாஸ்டிக் தொட்டி. அதில் வெள்ளை வெள்ளையாகச் சீட்டுகள். எழுத்து தெரியாத அளவுக்குத் தேய்ந்த படம். கீழே ஓரத்தில் ஒரு கால். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மெரூன் நிறப் புடவைக்கரை. இரண்டாவது விரலில் மெட்டி. அதன் நகம் பாதி கறுத்திருந்தது. கேஸ் சிலிண்டர் உருண்டு விழுந்து கறுத்துப்போன நகம். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சிலிண்டர் விழுந்தது என் காலில்.

என் கால் அமெரிக்காவில் நின்றுகொண்டிருந்தது. நான் சென்னையைத் தாண்டியதில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளுக்கு இது உடனே விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்குக் காரைக்காலிலேயே ஓட்டுப்போடுவோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு மேஜையில் அடுக்கியிருக்கும். சீட்டுகளையும் ஒரு சின்ன உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். பிடித்தவர் உறைக்குள், மற்றவர்கள் திரைக்கு வெளியே இருக்கும் குப்பைத் தொட்டிக்குள். அதுதான் முறை. தொட்டியை மட்டும் பார்க்கிறவனுக்கு ஜனநாயகத்தைக் கொன்று போட்டதுபோலத்தான் இருக்கும். போன தேர்தலில் நாங்கள் இருவரும் போயிருந்தோம். தான் வேண்டாமென்று தள்ளியவர்களின் கதியைப் பார்த்து இவருக்கு ஒரே குஷி. தொட்டியைப் படமெடுத்து சொல்தா நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று "வாங்க போவலாம், வெயில் ஏறுது" என்றுகொண்டிருந்தேன். அந்தப் படம் யார் யார் போனிலோ ஊர் சுற்றி, தலைப்பு மாற்றி, அமெரிக்காவாகத் திரும்பி வந்து, எடுத்தவரையே நம்பவைத்துவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு போய் இவரிடம் காட்டினேன். "என்னங்க, இது நீங்க எடுத்த படம். இது என் காலு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அமெரிக்காவுல நம்ம ஆளுங்க எத்தன பேரு இருக்காங்க. அவங்க மெட்டி போட மாட்டாங்களா?"

"நகங்கூடவா கறுத்திருக்கும்?"

"அங்கயும் சிலிண்டரு இருக்கும். இது ஒன் காலு இல்ல."

அந்த மெட்டியை அந்த விரலில் போட்டவர் அவர். மச்சானிடம் தோற்கக்கூடாது என்பதற்காக, கட்டிய பெண்டாட்டியின் காலை எவளோ ஒரு அமெரிக்காக்காரிக்குத் தானம் செய்துவிட்டார். அடுக்களைக்குள் போய் அழுதேன். அழுகை நின்ற பிறகு வந்த கோபம் நிற்கவேயில்லை. அன்று சங்கராமீன் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ரசம் வைத்தேன்.

மறுநாள் வரிச்சிக்குடிக்குப் பஸ் ஏறினேன். அது என் கால் என்று தம்பியிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அந்தப் படம் பொய்தான், எனக்குத் தெரியும்" என்று தொடங்கினேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"ஆதாரம் இருக்காக்கா? குடுங்க, இப்பவே குரூப்புல போடுறேன். மூஞ்ச எங்க கொண்டு வச்சிக்கிறாருன்னு பாக்குறேன்."

மருமகள் எப்படி இருக்கிறாள், புடவை எடுத்தாயிற்றா, ஒரு வார்த்தை இல்லை. இவனிடம் இப்போது சொன்னால் இவர் அவமானப்பட்டு நிற்பார், அவமானப்பட்டவர் மச்சானை மண்டப வாசலிலேயே மறிப்பார். நல்லவேளை, வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"ஆதாரம் இருக்கு. மாலையோட வந்து எம்பொண்ணக் கையப்புடிச்சி மணவறைக்கு அழச்சிட்டு வா. அது முடிஞ்சதும் சொல்றேன்."

"அதெப்படி? மொதல்ல அத்தான்..."

"அப்ப ஆதாரம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்று எழுந்தேன்.

பஸ் ஸ்டாப்புவரை பின்னாலேயே வந்தான். படத்தில் அமெரிக்கப் போலீஸ் தெரிகிறதா, தேதி தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்கு முதலில் வந்தவன் தம்பி. பட்டு வேட்டி, சீர்த்தட்டு, ரோஜா மாலை. மருமகள் மேலுள்ள பாசத்தால் வந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாலை போட்டதும் அவள் கூந்தலில் சிக்கிய நாரை மெதுவாக எடுத்துவிட்டதைப் பார்த்தேன், அதனால் பாதிப் பாசம் என்று வைத்துக்கொள்கிறேன். என் மகள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது என் மனம் நிறைந்துவிட்டது. இவர் மணவறையின் மறுபக்கத்தில் விறைப்பாக நின்றார், பிரெஞ்சுக் கொடி ஏற்றுகிற மாதிரி.

தாலி ஏறியது. அடுத்தது அம்மி மிதித்தல். மாப்பிள்ளை குனிந்து என் மகளின் காலைத் தூக்கி அம்மியின்மேல் வைத்தார். மெட்டியை விரலில் ஏற்றினார். சுற்றிலும் சொந்தம் நின்றது. இவரும் நின்றார், தம்பியும் நின்றான். எனக்கு இருந்த கோபம் அத்தனையும் வாய்க்கு வந்தது.

"மாப்ள, அந்தக் கால நல்லா பாத்து வச்சிக்குங்க. நாளைக்கி ஒரு போட்டோவுல பாத்துட்டு, இது அமெரிக்காக்காரி காலுன்னு சொல்லிடப் போறீங்க."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிங்கத்த" என்றார், நல்ல பிள்ளை. தம்பிக்குப் புரிய சற்று நேரமானது. பிறகு பட்டு வேட்டி மடியிலிருந்து போனை எடுத்தான். படத்தைப் பெரிதாக்கினான். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே என் பாதத்தருகே உட்கார்ந்து, போனை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அத்தான்," என்று கத்தினான், "அக்கா காலு அத்தான்!"

இவர் வந்தார். கண்ணாடியைப் போட்டார். அவரும் குனிந்தார். யானையும் கழுதையும் முதல்முறையாக ஒரே இடத்தில் தலை குனிந்து நின்றன. சம்பந்தி வீட்டார் இது எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக விலகி நின்றார்கள்.

இவர் விரலை நீட்டி அந்தக் கறுத்த நகத்தைத் தொட்டார். சிலிண்டர் விழுந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர்தான். எழுந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒன் காலுதான்."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "ஆனா மச்சான், அமெரிக்காவுலயும் அப்புடித்தான் நடந்துருக்கும்."

தம்பி வாயைத் திறந்தான். நான் இருவரையும் பந்திக்குப் போகச் சொன்னேன். போனார்கள், தர்க்கம் செய்துகொண்டே, பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கால் மட்டும் காரைக்காலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.