தீபாவளி வராத காலண்டர்

இன்று காலை மகள் தினசரி காலண்டரில் இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புக்காரிக்கு அவ்வளவு அவசரம். இன்றைய தேதி போய்விட்டதே என்று நான் பசை தேடி ஓடினேன். ஒரு தாளுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்காதீர்கள், நான் அப்படித்தான். கடைப் பசைக்கு வாசனையே இல்லை. திருத்தங்கல் அச்சகத்தில் மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்தப் புளித்த வாடை சேலையோடு வீடுவரை வரும்.

மகளுக்கு இரண்டு வயதானபோது அங்கே சேர்ந்தேன். பட்டம் படித்தவள் என்று, புதிதாக வருகிறவர்களுக்குக் காலண்டர் வேலை கற்றுத்தரும் பொறுப்பைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவர் விஸ்வநத்தம் ஊர்க்காரரான முத்துமாரி அக்கா. பல வருடம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றியவர். பக்கத்து அறை வெடித்ததைக் கண்ணால் பார்த்தபிறகு அந்தப் பக்கமே போவதில்லை என்று வந்திருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள தேறலேன்னா அனுப்பிருங்க தாயி, சீசன் நேரம்" என்றார் மேஸ்திரி.

தாள் அடுக்குவது, தட்டிச் சமன் செய்வது, கம்பி தைப்பது, தகரப் பட்டை மாட்டுவது, அட்டையில் ஒட்டுவது, கயிறு கோப்பது என்று அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னேன். போதாதென்று எழுதியும் கொடுத்தேன். அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. "சரி டீச்சரு" என்று வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒட்டியதை மேஸ்திரி புரட்டிப் பார்த்தார். அடித் தாள்கள் ஒரே கட்டி. வெடிக்குழாய் பிரியக்கூடாதே, அந்தப் பழக்கத்தில் ஓரமெல்லாம் பசையை அப்பியிருந்தார்.

"இந்தக் காலண்டரு வாங்குறவகளுக்குத் தீவாளியே வராதுக்கா!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"திரும்ப அங்கனயே போகச் சொல்லிருவீகளோ?" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை மகளுக்குச் சட்டை மாட்டினேன். கடைசிப் பொத்தானை மட்டும் அவளுக்கு விட்டுவைப்பேன். அதைப் போட்டுவிட்டு, சட்டை முழுவதையும் தானே போட்டதாகக் கைதட்டுவாள். பஸ்ஸில் வழி முழுக்க அதே யோசனை. மூத்தவரைக் குழந்தையாக்குகிறேனோ என்று பயமும் வந்தது.

அன்று மற்றதையெல்லாம் நானே செய்து, கயிறு கோப்பதை மட்டும் அக்காவிடம் கொடுத்தேன். கோத்து, ஆணியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார்.

"முளுசா ஒண்ணு என் கையில முடிஞ்சிருச்சே!"

மத்தியானம் ஒட்டுவது, பசை மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம்தான். வியாழக்கிழமை தகரப் பட்டை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம். சனிக்கிழமை அக்கா தனியாகச் செய்த காலண்டரின் அடித் தாளை மேஸ்திரி இழுத்தார். கிழியாமல் வந்தது.

"திங்கக்கிளமை வெரசா வந்துருங்க" என்றார் அக்காவிடம்.

நான் வேலையிலிருந்து நின்றபிறகு, போன வருடம் அங்கே மெஷின் வந்துவிட்டது. தரையில் வட்டமாக உட்கார்ந்து கேலி பேசிய கூடம் இல்லை, பசைச் சட்டியும் இல்லை. அக்கா மெஷினில் நிற்கிறார். ஓட்டக் கற்றுத்தர வந்த என்ஜினீயர் மடமடவென்று ஆரம்பித்தாராம். அக்கா கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்.

"இருங்க தம்பி. கடேசி வேலையை மொதல்ல காட்டுங்க."